முத்து வேண்டாம்... சிப்பி போதும்!

"டாக்டர், அசல் முத்து பற்பம் கிடைக்குமா? செலவைப் பத்திக் கவலை இல்லை..."

மாதத்தில் இரண்டு பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். மூட்டு வலி, எலும்புத் தேய்மானம், நெஞ்செரிச்சல், உடம்புச் சூடு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். சொந்தக்காரர் யாராவது, 'முத்துன்னா முத்துதான், அதுக்கு ஈடே கிடையாது' என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

நான் சொல்லும் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். "முத்து வேண்டாம்மா, முத்துச் சிப்பி போதும்!"

இது காசை மிச்சம் பிடிக்கச் சொல்லும் யோசனை இல்லை. முத்து இல்லாத இடத்தில் முத்துச் சிப்பியைச் சேர்க்கலாம் என்று பழைய வைத்திய நூல்களே இடம் கொடுக்கின்றன. காரணம் எளிமையானது. சிப்பியின் உள்பக்கம் வானவில் மாதிரி பளபளக்கிறதே, அதே பொருள்தான் முத்தும். சிப்பிக்குள் மணல் துகள் விழுந்து முத்தாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் அது ஒட்டுண்ணிப் புழுவாகவோ, உள்ளே பட்ட காயமாகவோதான் இருக்கும். அந்த உறுத்தலைச் சுற்றி, தன் ஓட்டுக்குப் பூசும் அதே பூச்சை அடுக்கடுக்காகப் பூசிக்கொள்கிறது சிப்பி. ஓடு, முத்து இரண்டிலுமே பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்; கூடவே கொஞ்சம் புரதம். சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, அகலில் மூடிச் சீலைமண் பூசி, வறட்டி அடுக்கிப் புடம் போட்டு எடுத்த பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உங்கள் பர்ஸுக்குத்தான் தெரியும்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெறும் கால்சியத்துக்காக முத்தைத் தேடி வருகிறவர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லி கிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லி கிராமும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200 மில்லி கிராமும் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுப் பட்டியல். கேழ்வரகும் பாலும் கீரையும் எள்ளும் இந்தக் கணக்கில் பெரும்பகுதியை முடித்துவிடும்.

சரி... 'முத்து வேண்டாம், சிப்பி போதும்' என்று சொன்னவர்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரிந்திருந்தது? அதைப் பார்க்கக் காயல்பட்டினம் வரைக்கும் ஒரு நடை போய் வரலாம், வாருங்கள்.

மூன்று ஊர், ஒரே கடல்

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் இருக்கிறது காயல்பட்டினம். அதற்கு வடக்கே, புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை ஒரு காலத்தில் கடலோரத்தில் இருந்த ஊர். ஆறு வண்டல் மண்ணைக் கொண்டு வந்து கொட்டக் கொட்ட, கடல் விலகிப் போயிற்று. இன்று கொற்கை வயல்களுக்கு நடுவில் ஒரு கிராமம். துறைமுகம் பழையகாயலுக்கு வந்தது. அதுவும் மண்மேடிட்ட பிறகு புன்னைக்காயல், காயல்பட்டினம், தூத்துக்குடி என்று வியாபாரம் இடம் பெயர்ந்தது.

13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, 'காயல்' என்ற பெரிய பட்டணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்து நின்றனவாம். அவர் பார்த்தது பழையகாயலையா, காயல்பட்டினத்தையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் எனக்கு வேண்டியவர்கள்!

முத்துக்குளிப்பு பற்றி அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது ஒரு பங்குக் கணக்கு. கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா வராமல் மந்திரம் சொல்லிக் கட்டுகிறவருக்கு. 'கடல்கட்டி' என்று இவர்களுக்குப் பெயர். வெள்ளைக்காரன் காலத்திலும் சம்பளம் கொடுத்து இவர்களை வைத்துக்கொண்டார்கள். அவர் இல்லாமல் கடலில் இறங்க மாட்டோம் என்று குளியாட்கள் மறுத்துவிடுவார்களே! மந்திரத்துக்குச் சுறா கட்டுப்படும் என்று நான் நம்பவில்லை. ஆனால் 'இன்றைக்கு இறங்காதே' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார், அந்தச் சொல்லுக்குக் கடலில் மதிப்பு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மூச்சுதான் அளவு

கடலுக்கடியில் பாறைத் திட்டாக இருக்கும் இடத்தைப் 'பார்' என்பார்கள். முத்துச் சிப்பி வளர்வது அதில்தான். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் இதில் பேர்போனது. நினைத்தபோதெல்லாம் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. முன்கூட்டியே பாரைப் பார்வையிடுவார்கள். கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டு, கழுவி, அதில் கிடைக்கும் முத்தை மதிப்புப் போடுவார்கள். சிப்பி நாலைந்து வயதை எட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் சலாபம் கிடையாது. பத்து, இருபது வருஷம் தொடர்ந்து சலாபமே நடக்காத காலங்களும் உண்டு. சிப்பியைத் திருக்கை தின்றுவிடும், நட்சத்திர மீன் தின்றுவிடும், மணல் மூடிவிடும், 'சூரன்' என்கிற மட்டி இனம் மேலே பாய் மாதிரி படர்ந்து மூச்சை அடைத்துவிடும். இத்தனையும் தப்பினால்தான், காற்று ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் படகு புறப்படும்.

குளிக்கிற முறையைப் பாருங்களேன். கனமான கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ ஆறடி. அடியில் இருப்பது ஒரு நிமிஷம். அதற்குள் கைக்கு எட்டியதைக் கூடையில் போட்டுக்கொண்டு, கயிற்றை இழுத்துச் சைகை காட்ட வேண்டும். மேலே கயிறு பிடிக்கிற ஆள் தூக்கிவிடுவார். மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம், தங்கை தாலி அவன் கையில் இருக்கிறதே என்று கவனமாக இருப்பான் என்பதற்காக!

பரதவர்களும் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் இது. மூச்சை அடக்குவது பற்றிச் சித்தர்கள் 'வாசி' என்று பக்கம் பக்கமாகப் பாடியிருக்கிறார்கள். குளியாட்கள் ஏடு எதுவும் இல்லாமல் தினமும் அதைச் செய்தார்கள். ஒரு மனிதனின் மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் கடலிலிருந்து எடுக்க முடியும். அரசாங்கம் போட்ட எந்தச் சட்டத்தையும்விட இது கறாரான சட்டம் இல்லையா?

இந்தியக் கரையில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு இல்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் செயற்கையாக முத்து வளர்ப்பதில் வெற்றி பெற்றார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிக்கச் செய்து காட்டினார்கள். பெரிய சாதனைதான். ஆனாலும் பார்களில் பழைய விளைச்சல் திரும்பவில்லை. முத்துக்குளிப்பில் கடைசியாக இறங்கிய இளைஞர்களுக்கு இன்று எண்பது வயது தாண்டியிருக்கும்.

கம்ப்ரஸர் வந்த கதை

முத்து போனாலும் சங்கு குளிப்பு நிற்கவில்லை. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன என்றால், தொழில் எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமான வங்காளப் பெண்கள் கையில் போடும் வெள்ளை வளையலுக்கு இந்தக் கடலின் சங்குதான் காலங்காலமாகப் போயிற்று. குறிப்பிட்ட அளவுக்குச் சின்னதாக இருக்கும் சங்கைக் கடலிலேயே திருப்பிப் போட்டுவிட வேண்டும் என்ற விதியும் இருந்தது.

இப்போது பலர் படகில் கம்ப்ரஸர் வைத்து, குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருக்கிறார்கள். மூச்சு போட்டிருந்த சட்டம் போயிற்று. கடலுக்கு என்ன ஆகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆளுக்கு என்ன ஆகிறது?

ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழியாகக் கிளம்பும். மூட்டில் போனால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் போனால் கால் செயலிழக்கும். உயிரும் போகலாம். கடலிலிருந்து வந்த மனிதர் 'முட்டு வலிக்குது, கால் மரத்துப் போச்சு' என்றால், வாத வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், 'குளித்துவிட்டு வந்தவர்' என்று சொல்லுங்கள். ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், உயர் அழுத்த அறைச் சிகிச்சையும் தேவைப்படலாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

குன்மத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் நாங்கள் தருகிற சங்கு பற்பத்துக்கு வளையல் அறுத்தது போக மிஞ்சும் துண்டுகளே போதும். அதற்காக யாரும் புதிதாக ஒரு சங்கைக் கொல்ல வேண்டியதில்லை. காதில் சீழ் வடிவதற்கும் வேறு சிலவற்றுக்கும் பழைய வைத்தியத்தில் சொல்லப்படும் 'கடல் நுரை' இருக்கிறதே, அது நுரை இல்லை, கணவாய் மீனின் ஓடு! செத்த கணவாயிலிருந்து தானாகவே கரை ஒதுங்கும். பொறுக்கிக்கொண்டால் போதும். (காதுக்குள் நீங்களாகப் பொடியைப் போட்டுவிடாதீர்கள். சவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எந்த மருந்தும்.)

இதையெல்லாம் கேட்காதீர்கள்

கடல் சரக்கு எல்லாமே மருந்து என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மூலத்துக்கும் ரத்த சோகைக்கும் கடலாமை ரத்தம் நல்லது என்ற நம்பிக்கை இந்தக் கரையில் நெடுங்காலம் இருந்தது. சொல்லப்போனால் அது ஆபத்து. கடலாமை இறைச்சியைத் தின்று நஞ்சேறி உயிரிழந்தவர்கள் பற்றிய பதிவுகள் தென் தமிழகக் கரையிலேயே உண்டு. ஆமை நஞ்சுள்ள எதையெல்லாம் மேய்ந்திருக்கிறதோ, அந்த நஞ்சு அதன் உடம்பிலும் இருக்கும். சமைத்தாலும் போகாது.

எங்கள் நூல்களில் ஆமையோடு பற்பம் உண்டு. நான் எழுதுவதில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். கடலாமையும் கடல் பசுவும் முன்பே பாதுகாக்கப்பட்டவை. கடல் குதிரை, கடல் அட்டை, பவளப்பாறை மூன்றும் 2001-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடல் அட்டைத் தடையை மீனவர்கள் இன்னும் எதிர்க்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்த மாதம் எடுக்கலாம், எந்த அளவில் விடலாம் என்று அட்டை எடுத்துப் பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து பேசி ஒரு விதி செய்திருக்கலாம் என்பது என் கருத்து.

பவளத்தில் ஒரு வேடிக்கை. பவள பற்பத்துக்கு வேண்டிய சிவப்புப் பவளம் நம் மன்னார் வளைகுடாவில் விளைவதே இல்லை. அது மத்தியதரைக் கடல் சரக்கு. ரோமானியர் முத்தை எவ்வளவு மதித்தார்களோ, அவ்வளவு இந்தியர்கள் பவளத்தை மதித்தார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். நம் முத்து அங்கே போயிற்று, அவர்கள் பவளம் இங்கே வந்தது. ஆகவே 'தூத்துக்குடிப் பவளம்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இங்கே இருப்பது பாறைப் பவளம். 1960-களிலிருந்து அதைச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் வெட்டி வெட்டி, இந்த வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டுவது தொடர்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் நின்றது.

நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில்...

ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் நண்பர் வீட்டில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போயிருக்கிறீர்களா? கஞ்சிக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு குளிர்ந்த வில்லை இருக்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்த கடல்பாசி! நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்த வயிற்றுக்கு இதம். முழுக்க நார்ச்சத்து என்பதால் மலச்சிக்கலுக்கும் நல்லது. கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இனிப்பு இல்லாமல் செய்துகொள்ளலாம்.

அதற்கான பாசி வகைகளை மன்னார் வளைகுடாவில் முங்கி எடுப்பவர்கள் பெண்கள். 'மரிக்கொழுந்து' என்று ஒரு பாசிக்கு அவர்கள் வைத்த பெயர் எவ்வளவு அழகு! விரலில் துணி சுற்றிக்கொண்டு கையாலேயே பறிக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் தாங்களாகவே சில கட்டுப்பாடுகள் போட்டுக்கொண்டார்கள். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி கூடாது. மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிக்க வேண்டும். மீன்பிடித் தடைக் காலத்தில் 45 நாள் கடலில் இறங்கக் கூடாது. வேரோடு பிடுங்கினால் அடுத்த வருஷம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' அமைப்பு விருது கொடுத்தது.

அதே கடலில், சீக்கிரம் வளருகிறது, நிறைய லாபம் என்று வெளிநாட்டுப் பாசி ஒன்றைக் கொண்டு வந்து வளர்த்தார்கள். கட்டிய இடத்தில் நிற்காமல் அது குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்துவிட்டதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

கரையிலும் இப்படி ஒன்று உண்டு. மணல் மேட்டில் ஆட்டுக் குளம்பு போன்ற இலையும், ஊதா கலந்த ரோஸ் நிறப் பூவுமாகப் படர்ந்திருக்குமே, அடப்பங்கொடி. சங்கப் பாடல்களில் வரும் 'அடும்பு' இதுதான். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர். அசிங்கமாக இருக்கிறது என்று அதைப் பிடுங்கிவிட்டால் மணல் மேடும் கலைந்துபோகும். சொறிமீன் பட்ட இடத்தில் இதன் இலையைக் கசக்கி வைப்பது கடற்கரை வழக்கம். தாய்லாந்திலும் இதே வழக்கம் உண்டு. இதன் சாற்றுக்குச் சொறிமீன் நஞ்சை முறிக்கும் தன்மை இருப்பதாக 1991-ல் சோதனைச் சாலை ஆய்வு ஒன்றும் வந்தது. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, கடல் தண்ணீராலேயே கழுவுவது. நல்ல தண்ணீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். மூச்சு முட்டினால் இலை தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஏட்டில் இல்லாதது

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் 1995-ல் காப்புரிமை வாங்கியதும், நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் போராடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஜெயித்தது எப்படி? பழைய நூல்களில் எழுதியிருந்ததை எடுத்துக் காட்டியதால். பிறகு சித்த நூல்கள் உள்படப் பலவற்றையும் திரட்டி ஒரு மின்னணு நூலகமே உருவாக்கினார்கள்.

எழுதி வைத்ததற்கு அந்தக் காவல் உண்டு. குளியாள் எழுதி வைக்கவில்லையே! தாமிரபரணி பிறக்கும் பொதிகையின் மேற்குச் சரிவில், காணி மக்கள் காட்டிய 'ஆரோக்கியப் பச்சை' என்ற செடியிலிருந்து கேரள விஞ்ஞானிகள் மருந்து செய்து, 1995-ல் உரிமம் விற்றபோது, கிடைத்த பணத்தில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கினார்கள். சொன்னவர் யார் என்று தெரிந்ததால் பங்கு கிடைத்தது.

2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' இருக்க வேண்டும். செடி, மீன், சிப்பி, அதன் ஊர்ப் பெயர், உபயோகம், யாருக்கு அது தெரியும் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டியவை. உங்கள் ஊர் அலுவலகத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். காயல்பட்டினம், தூத்துக்குடி, கீழக்கரைக் குடும்பமாக இருந்தால் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். வாப்பாவோ தாத்தாவோ சொன்ன பார்களின் பெயர்கள், கச்சானும் கொண்டலும் எந்த மாதம் எப்படி அடிக்கும் என்ற கணக்கு, உம்மா கடல்பாசி எந்தக் கடையில் ஏன் வாங்கினார்கள், எந்தத் தெரு ஒரு காலத்தில் ஓடையாக இருந்தது... 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்தக் கடைசிக் கேள்வியை மட்டுமாவது ஊரில் மூத்தவர்களிடம் இந்த வாரமே கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

முத்துச் சிப்பி பற்பம் வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. தயாரிப்பு உரிமம் எண், தேதி அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். கடலில் கலக்கும் ஈயம், காட்மியம் போன்றவை சிப்பி இனங்களில் சேரும் என்பதால் சோதனை செய்யாத சரக்கு வேண்டாம். சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஏற்கெனவே கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைச் சொல்லிவிட்டே வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.